புத்ரேயில் இரண்டு இரவு

சிலி நாட்டின் வடகோடியில் இருக்கும் அரிகா கடற்கரையிலிருந்து காலையில் கிளம்பி, 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள சுங்கரா ஏரியை எட்டிப் பார்த்துவிட்டு, இருட்டும் நேரத்துக்கு மறுபடியும் கடற்கரைக்கே இறங்கிவிடும் ஒரு நாள் டூர் ஒன்று உண்டு. போகும்போதோ வரும்போதோ வண்டி புத்ரே என்ற ஊரில் நிற்கும். இறங்கியவர்கள் சதுக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி, தேவாலயத்தைப் படமெடுத்து, சாப்பிட்டு ஏறிக்கொள்வார்கள். ஊர் திரும்பியதும் புத்ரேயைப் பற்றி அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "அங்கே பார்க்க ஒன்றுமில்லை." பல நாளாக மனதை உறுத்திக்கொண்டே இருக்கும் வாக்கியம் இது. புத்ரே பார்ப்பதற்காக உண்டான ஊர் அல்ல. நிற்பதற்காக உண்டான ஊர். அங்கே இரண்டு இரவு படுத்து எழுந்தவருக்கும் அரை மணி நின்று போனவருக்கும் அதே சுங்கரா ஏரி ஒன்றாகத் தெரியாது.

நிற்பதற்காக உண்டான ஊர் என்று சொல்வதற்கு வரலாறே சாட்சி. இன்றைய பொலிவியாவில் உள்ள பொதோசி மலையின் வெள்ளி, கோவேறு கழுதைகளிலும் லாமா என்ற ஒட்டக இன விலங்குகளிலும் ஏறி அரிகா துறைமுகத்துக்கு இறங்கிய காலத்தில், மேலே ஆல்டிபிளானோ பீடபூமிக்கும் கீழே பாலைவனத்துக்கும் நடுவே மனிதனும் மிருகமும் மூச்சு வாங்கிக்கொண்ட இடங்களில் புத்ரேயும் ஒன்று. கீழே அரிகாவில் அப்போது மலேரியா. மேலே நாலாயிரம் மீட்டருக்கு மேல் குளிரும் மெல்லிய காற்றும். நடுவில் தண்ணீரும் படிக்கட்டு வயலும் தீவனமும் கிடைக்கும் ஒரு பள்ளம். அந்தப் படிக்கட்டு வயல்கள் ஸ்பானியர் வருவதற்கு முன்பே ஐமாரா மக்களின் முன்னோர் கட்டியவை. இன்றும் அவற்றில் குதிரைமசாலும் உருளைக்கிழங்கும் ஓரிகானோவும் விளைகின்றன. புத்ரே ஓரிகானோவுக்கு சிலி முழுக்கப் பேர் உண்டு. அறுவடை சமயத்தில் தெருவில் நடந்தாலே அந்த வாசம் வரும். 2017 கணக்கெடுப்பில் சுமார் 5,900 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புத்ரே வட்டாரம் முழுவதற்கும் சேர்த்து 2,765 பேர்தான். மத்தியானம் இரண்டு மணிக்குத் தெருவில் ஒரு நாய்கூட நடமாடாது. அந்த அமைதி ஒரு குறை என்று நினைப்பவர்கள், அந்த உயரத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கவனிக்காதவர்கள்.

மூன்று மணி நேரத்தில் 3,500 மீட்டர்

அரிகாவிலிருந்து புத்ரே சுமார் 145 கிலோமீட்டர். பொலிவியாவின் லா பாஸ் நோக்கி எல்லை வரை போகும் 11ஆம் எண் நெடுஞ்சாலையில்தான் பயணம். 1904 ஒப்பந்தப்படி பொலிவியாவின் சரக்கு சிலியின் துறைமுகங்கள் வழியாகப் போகலாம் என்பதால், சாலை முழுக்கக் கனரக லாரிகள். ஊர் நெடுஞ்சாலையில் இல்லை; சுமார் ஐந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. அரிகாவிலிருந்து நேராகப் புத்ரேக்கே போகும் பேருந்து காலையில் கிளம்பும், அதைப் பிடிப்பது நல்லது. லா பாஸ் போகும் பேருந்தில் ஏறினால் கூட்டுரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். முதுகுச் சுமையோடு, பழகாத நுரையீரலோடு, அந்த ஐந்து கிலோமீட்டர் முதல் நாளில் நடக்கிற தூரம் இல்லை. சொந்தமாக வண்டி எடுப்பவர்கள் அரிகாவிலேயே டேங்கை நிரப்பிவிட வேண்டும். பெசோ நோட்டுகளையும் அங்கேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மேலே வங்கி அட்டையை நம்பிப் போகாதீர்கள்.

வழி ஒரு பாடம்தான். அரிகாவில் வருடச் சராசரி மழை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை 173 மாதம் ஒரு துளி விழவில்லை என்பது உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்ட சாதனை. அந்த வறட்சியில் யூத்தா ஆற்றுப் பள்ளத்தாக்கு மட்டும் பச்சை நாடாவாக நீள்கிறது. அதைத் தாண்டினால் வெறும் மண்மேடு. பிறகு, ஏறத்தாழ இரண்டாயிரம் மீட்டருக்கு மேல், மெழுகுத்திரித் தண்டு போல நிற்கும் கள்ளிகள். அடித்தண்டு முழுக்க முள். மேலே கைகளாக விரியும் கிளைகளில் முள்ளே இல்லை. மேய்கிற வாய் எட்டும் உயரம் வரைதான் அதற்கு முள் வேண்டும். சுமார் 3,000 மீட்டரில் கோபாகியா என்ற இடத்தில் இன்காக்களுக்கும் முந்தைய கல் கோட்டை ஒன்று மலைவிளிம்பில் இருக்கிறது. சொந்த வண்டியில் வருபவர் அங்கே ஒரு மணி நேரம் செலவிடுவது நல்லது. இன்னும் நல்லது, அதே உயரத்தில் இருக்கும் சோகோரோமா கிராமத்தில் முதல் இரவைக் கழிப்பது. அங்கே தங்க இடம் கிடைக்குமா என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

ஏன் இத்தனை படி? லடாக்கின் லே நகரத்தின் உயரமும் ஏறக்குறைய இதே 3,500 மீட்டர். அங்கே விமானத்தில் இறங்கியதும் 48 மணி நேரம் ஓய்வு என்று எல்லோரும் சொல்கிறார்கள், நம் ஆட்களும் இப்போது கேட்கிறார்கள். புத்ரேக்குச் சாலைவழியாக வருவதால், "மெதுவாகத்தானே ஏறினோம்" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. மூன்று மணி நேரம் உடம்புக்கு மெதுவே இல்லை. உடம்பு கணக்கு வைப்பது நாள் கணக்கில்.

காற்றில் ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். பங்கு குறைவதில்லை, எங்கே போனாலும் 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். புத்ரேயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. சுங்கராவில் 57, 58 சதவீதம். அழுத்தம் குறைந்ததை அரிகாவில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டே காட்டிவிடும், பலூன் போல உப்பியிருக்கும். ஷாம்பூ புட்டியைக் கீழேயே ஒருமுறை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடவில்லை என்றால், பைக்குள் எல்லாம் நனைந்திருக்கும். புத்ரேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். குளிரில் கையோடு குக்கர் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: விசில் வந்தாலும் உள்ளே வெப்பம் நம் ஊரைவிட ஆறேழு டிகிரி குறைவுதான், பருப்புக்கு இன்னும் சில நிமிடம் விட வேண்டும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும்.

முதல் இரவு

எல்லாம் திரும்புகிற இடம் முதல் இரவு. பகலில் வந்து இறங்கும்போது பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்சம் மூச்சு வாங்கும், தலை இலேசாக இருக்கும், வெயில் இதமாக இருக்கும், தாபகா மலையின் பனி கண்முன்னே மின்னும். இந்தத் தெம்பில்தான் தவறு நடக்கிறது. ஊருக்கு மேலே இருக்கும் மேட்டில் ஏறுவார்கள், ஹுராசி வெந்நீர் ஊற்றுக்குப் போய் ஒரு மணி நேரம் ஊறுவார்கள் (அது ஊரைவிடவும் உயரத்தில் இருக்கிறது), இரவில் வயிறு முட்டச் சாப்பிட்டு ஒரு பீரும் குடிப்பார்கள். மலைநோய் ஏறியவுடன் வருவதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வரும். நண்பகலில் வந்தவருக்கு இரவு எட்டு மணிக்கு நெற்றிப்பொட்டில் தொடங்கும்; குனிந்தால் அதிகமாகும்; பிறகு குமட்டல். இந்த ஊரில் அதற்குப் பெயர் பூனா. ஒருவர் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தால், விடுதிக்காரம்மா ஒரு வார்த்தை கேட்காமலே வெந்நீர் வைக்கப் போய்விடுவார்.

ஒரு நாள் டூர் ஆட்கள் பலர் தப்பித்துக்கொள்வதும் இதனால்தான். தலைவலி முற்றுவதற்குள் வண்டி இறங்கத் தொடங்கிவிடுகிறது. "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று அவர்கள் சொல்வது உண்மைதான். ஏரியின் முன் நின்ற அந்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் அவர்களுடைய ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு எண்பது சதவீதத்துக்கும் கீழே போயிருக்கக்கூடும். அந்த நிலையில் கண் திறந்திருக்கும், கேமரா வேலை செய்யும், மனம் மந்தமாக இருக்கும். பார்த்தது பாதி, பதிந்தது கால்.

படுத்தபின் நடப்பதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது, இல்லாவிட்டால் பயந்துபோவீர்கள். மூச்சு படிப்படியாகப் பெருகும், பிறகு படிப்படியாக அடங்கும், பிறகு சில விநாடி நின்றே விடும். பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் எழுந்து உலுக்குவார். அதற்குள் ஒரு நீண்ட இழுப்போடு மூச்சு திரும்பும், படுத்தவரும் திடுக்கிட்டு விழிப்பார். காரணம் இது: ஆக்சிஜன் போதாமல் உடம்பு வேகமாக மூச்சு விடுகிறது. அதில் கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறி, ரத்தம் காரத்தன்மை அடைகிறது. மூச்சைத் தூண்டுவதே கார்பன் டை ஆக்சைடு என்பதால், அது குறைந்ததும் மூளை "போதும்" என்று நிறுத்திவிடுகிறது. ஆக்சிஜன் இன்னும் விழுந்ததும் மறுபடி தொடங்குகிறது. இந்த இழுபறி தீர வேண்டுமானால் சிறுநீரகம் அந்தக் காரத்தை, அதாவது பைகார்பனேட்டை, வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். முதல் இரவில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்தால், குளிரில் சலித்துக்கொள்ளாதீர்கள், உடம்பு வேலையைச் சரியாகச் செய்கிறது என்று அர்த்தம். எழுவதற்கு வழி செய்துகொண்டு படுங்கள்: கம்பளிச் சட்டையும் செருப்பும் டார்ச்சும் கைக்கு எட்டும் தூரத்தில். பல விடுதிகளில் சூடேற்றி கிடையாது, ஐந்தாறு கம்பளிதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவில் வாளித் தண்ணீர் உறையும்.

தூக்க மாத்திரை போடக்கூடாது, அது அந்த மூச்சையும் மட்டுப்படுத்தும். மது வேண்டாம். தலைவலிக்கு பாராசிட்டமால் அல்லது ஐபுபுரூஃபன் போதும். அசெட்டசோலமைடு, நம் ஊரில் டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைப்பது, சிறுநீரகத்தின் அதே வேலையை முன்கூட்டித் தொடங்கிவைக்கிறது. வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், காலை மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. கடையில் 250 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைத்தால் பாதியாக உடைக்க வேண்டும். விரல் நுனி மரமரக்கும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும், இரண்டும் இயல்பு. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை அளக்கும் ஆக்ஸிமீட்டர் இருந்தால் கொண்டுபோங்கள், முதல் நாள் 85க்கும் 90க்கும் இடையில் காட்டினால் அங்கே அது சாதாரணம். விரல் குளிர்ந்திருந்தால் பொய் எண் காட்டும், கையைத் தேய்த்துச் சூடாக்கிப் பாருங்கள். எண்ணைவிட ஆள் முக்கியம். வாந்தி நிற்கவில்லை, தலைவலி மாத்திரைக்கு அடங்கவில்லை என்றால் இனி ஒரு மீட்டர்கூட ஏறக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்து இருமல் வந்தால், அல்லது குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டி ஒட்டி ஒரே நேர்க்கோட்டில் பத்தடி நடக்கச் சொன்னால் தள்ளாடினால், பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, இறக்க வேண்டும். ஊரில் மருத்துவ மையம் உண்டு, ஆக்சிஜன் கொடுப்பார்கள். ஆனால் உண்மையான மருந்து கீழே இருக்கிறது, அதுவும் மூன்று மணி நேரத்தில். ஆண்டிஸின் பல ஊர்களுக்கு இல்லாத பெரிய பாதுகாப்பு இது.

ஒன்றும் செய்யாத நாள்

இரண்டாம் நாள் எதுவும் செய்யாத நாள். இதைத்தான் சுற்றுலாக்காரர்களால் தாங்க முடிவதில்லை. காலையில் தலை கனமாக இருக்கும். ரொட்டி, முட்டை, ஒரு கோப்பை சாச்சகோமா மூலிகைத் தேநீர். கொக்கா இலைத் தேநீரும் கொடுப்பார்கள், இதமாக இருக்கும். பழகுவதற்கு ஆகும் நாளைக் குறைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மிச்சமிருக்கும் இலையைப் பையில் போட்டு ஊருக்குக் கொண்டுவராதீர்கள், இந்தியாவில் 1985 போதைப்பொருள் சட்டத்தில் கொக்கா இலையும் அடக்கம். பொலிவியாப் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு: கொஞ்சம் சாப்பிடு, கொஞ்சம் குடி, தனியாகத் தூங்கு. முதல் இரண்டு நாளைக்கு இதைவிடச் சுருக்கமான மருத்துவக் குறிப்பு கிடைக்காது.

பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் நடக்கலாம். மேட்டுத் தெருவில் ஏறாமல், வயல் பக்கமாகச் சமமான பாதையில். நடக்கும்போது பேச முடிய வேண்டும், அதுதான் வேக அளவு. பழைய வீடுகளின் கல் நிலைகளைப் பாருங்கள். சுவர் மண்கட்டி, கூரை தகரம், வாசல் மட்டும் செதுக்கிய கல். நிலைக்கு மேலே உள்ள கல்லில் கொடியோ பூவோ. வீடு இடிந்து இரண்டாவது மூன்றாவது முறை கட்டியபோதும் அந்த வாசலை மட்டும் விடவில்லை. அரை மணி நின்று போனவரின் கண்ணில் இது படாது. தொப்பியும் சன்ஸ்கிரீனும் உதட்டுக்கு வாஸ்லினும் இல்லாமல் வெளியே போகாதீர்கள். குளிர் காற்றில் வெயில் சுடுவதே தெரியாது, சாயங்காலம் மூக்கு உரிந்து வந்திருக்கும்.

மத்தியானச் சாப்பாடு அன்றைய மெனு ஒன்றுதான்: சூப், ஒரு தட்டு, ஒரு பானம். லாமாவின் உறவான அல்பாக்காவின் கறி பல இடங்களில் உண்டு. சைவம் சாப்பிடுபவர்கள் "சின் கார்னே" (கறி இல்லாமல்) என்றால் போதும் என்று நினைப்பார்கள். கறித்துண்டை எடுத்துவிட்டுக் கறி வெந்த சாற்றையே ஊற்றிக் கொடுப்பார்கள், அவர்கள் பார்வையில் அது சரிதான். சாறு எதில் வெந்தது என்று தனியாகக் கேளுங்கள். குயினோவா, சோறு, முட்டை, உருளைக்கிழங்கு என்று கேட்டு வாங்கலாம். உருளைக்கிழங்கிலும் சுன்யோ என்று கருத்துச் சுருங்கிய ஒன்று வரும். உறைபனி இரவில் வெட்டவெளியில் பரப்பி, பகலில் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்த கிழங்கு அது, வருடக்கணக்கில் கெடாது. குளிரையும் வெயிலையும் மட்டுமே கருவியாக வைத்து ஒரு மக்கள் கண்டுபிடித்த பதப்படுத்தல். ஒரு வாய் தின்று பார்க்காமல் வரக்கூடாது.

இரண்டாம் இரவு மூச்சு நிற்பதும் திரும்புவதும் குறைந்திருக்கும். முழுதாகப் பழகிவிட்டதாக இல்லை. ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்கள் ரத்தத்தில் கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆனால் விடிந்ததும் பசிக்கும். பசிதான் அடையாளம். பசியோடு எழுந்தவர் மேலே போகலாம். பசிக்காதவர் இன்னொரு நாள் இருந்துவிடுவது நல்லது.

மூன்றாம் நாள் காலை

புத்ரேயிலிருந்து சுங்கரா சுமார் 55 கிலோமீட்டர். ஊர்ப் பேருந்து கிடையாது. முந்தைய நாளே உள்ளூர் வண்டியைப் பேசி வைக்க வேண்டும். சீக்கிரம் கிளம்புங்கள். காற்று மத்தியானம்தான் கிளம்பும், அது கிளம்பினால் ஏரியில் மலையின் பிம்பம் உடைந்துவிடும். ஜனவரி, பிப்ரவரி என்றால் பகல் பன்னிரண்டுக்குப் பிறகு மேகம் மூடி மழையோ ஆலங்கட்டியோ இறங்கும், பாரினகோட்டா எரிமலை இருந்த இடமே தெரியாது.

லவுகா தேசியப் பூங்காவுக்குள் நுழைந்ததும் லாஸ் குவேவாஸ் என்ற இடத்தில் பாறைகளுக்கு நடுவே ஒரு குட்டையான நடைபாதை. அங்கே பிஸ்காச்சாக்கள் வெயில் காயும். முயலுக்கு நீண்ட வால் வைத்தது போன்ற பிராணி. கண்ணை அரைகுறையாக மூடி உட்கார்ந்திருக்கும், நெருங்கினால்கூட அவசரப்படாது. பாறையில் பச்சைப் பாசிமூட்டை போல ஒட்டிக்கொண்டிருப்பது யரேத்தா. கல் போல இறுகிய செடி, வருடத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு காலத்தில் விறகாக வெட்டித் தீர்த்தார்கள். அதன் மேல் உட்காராதீர்கள். நடைபாதை குறுகியதுதான், ஆனால் 4,400 மீட்டர். மூன்றாம் நாள் ஆளுக்கும் அங்கே இருபதடிக்கு ஒருமுறை நிற்கத் தோன்றும். நில்லுங்கள்.

சுங்கரா ஏரி வந்ததும் எல்லோரும் எரிமலையைப் பார்ப்பார்கள், 6,348 மீட்டர், பார்க்காமல் இருக்க முடியாது. பாரினகோட்டாவின் ஒரு பக்கம் சரிந்து நீரோட்டத்தை அடைத்ததில் பிறந்ததுதான் இந்த ஏரி. அதன்பின் கரையோரம் போய் ஆழமில்லாத நீர்ப்பரப்பைப் பாருங்கள். அங்கே ராட்சத நாமக்கோழி கூடு கட்டும். கரிய உடம்பு, தடித்த சிவந்த கால். கூடு ஒன்று மூன்று மீட்டர் அகலம்கூட வரும், ஒரு மனிதன் ஏறி நின்றாலும் தாங்கும் என்பார்கள். அதே கூட்டில் வருடா வருடம் மேலே மேலே அடுக்கிக்கொண்டே போகும். ஒரு பறவை நீருக்குள் தலையை விட்டு ஒரு பாசிக்கொத்தைப் பிடுங்கும், வாயில் தொங்கவிட்டுக்கொண்டு நிதானமாக நீந்தி வரும், கூட்டில் இருக்கும் ஜோடியிடம் கொடுக்கும். அது வாங்கி ஓரத்தில் செருகி, அமுக்கி, சரிபார்க்கும். முதல் பறவை திரும்பிப் போய்விட்டிருக்கும். ஒரு நடைக்கு நாலைந்து நிமிடம் ஆகும். பத்து நடை பார்க்க முக்கால் மணி நேரம், அசையாமல், தலைவலி இல்லாமல், நிற்க வேண்டும்.